காப்பிப் பொடிக்கு ஒரு நியாயம், விஸ்கிக்கு ஒரு நியாயம்

ஸ்ரீரங்கத்தில் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் எந்தக் காப்பிக் கடைக்கு வேண்டுமானாலும் போங்கள். கடைக்காரர் முதலில் கேட்பது "சிக்கரி எவ்வளவு?" என்றுதான். பீபெரியா, பிளான்டேஷன் ஏ-யா, இரண்டும் பாதிப் பாதியா, சிக்கரி இருபதா, பத்தா, வேண்டவே வேண்டாமா? எல்லாம் கேட்டுக்கொண்டுதான் மிஷினைப் போடுவார். பாக்கெட்டில் அடைத்து விற்கும் கம்பெனிக்கும் இதே கதிதான். காப்பி இத்தனை சதம், சிக்கரி இத்தனை சதம் என்று மேலே அச்சடித்தாக வேண்டும். காப்பி 51 சதத்துக்குக் கீழே போகக் கூடாது. சட்டமே அப்படி.

அதே ஊர்க்காரர் ஒருவர் சாயந்திரம் ஆற்றைத் தாண்டிப் போய், டாஸ்மாக் கடையின் கம்பி இடுக்கில் கையை விட்டு ஒரு குவார்ட்டர் வாங்குகிறார். பாட்டிலில் கொட்டை எழுத்தில் "விஸ்கி" என்று போட்டிருக்கிறது. எதிலிருந்து காய்ச்சியது, பார்லியா, அரிசியா, சர்க்கரை ஆலையிலிருந்து வரும் மொலாசஸா? மரப்பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது, அல்லது பீப்பாயைக் கண்ணால் பார்த்ததே இல்லையா? அந்தப் பழுப்பு நிறம் மரம் கொடுத்ததா, கேரமல் கொடுத்ததா? நான் கையில் எடுத்துப் பார்த்த உள்ளூர் பாட்டில் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. சிலவற்றில் "இறக்குமதி செய்யப்பட்ட ஸ்காட்ச் மால்ட் கலந்தது" என்று இருக்கும். எத்தனை சதம் என்று இருக்காது. ஒரு சொட்டு விட்டாலும் கலந்ததுதானே!

ரங்கநாதர் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. குடிக்காதவர்கள் பாக்கியவான்கள், அப்படியே இருக்கட்டும். ஆனால் குடிக்கிறவன் காசு கொடுக்கிறான். கொடுத்த காசுக்கு என்ன வாங்கினான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை காப்பி குடிப்பவனுக்கு உண்டு, அவனுக்கு இல்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்? என் கட்சி இவ்வளவுதான்.

பாட்டிலில் ஒரே ஒரு எண் மட்டும் ஒழுங்காக இருக்கும்: 42.8 சதம். ஏன் 42.8? ஏன் 40 இல்லை, 43 இல்லை? குடிக்கிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உத்தியோகம். சில வருஷங்கள் கலால் பிரிவில் கணக்கு எழுதினேன். அங்கே லிட்டர் என்றால் இரண்டு லிட்டர்: பல்க் லிட்டர், புரூப் லிட்டர். 750 மில்லி பாட்டில் பன்னிரண்டு கொண்ட ஒரு பெட்டி 9 பல்க் லிட்டர். தீர்வைக் கணக்குக்கு வரும்போது அதே பெட்டி 6.75 புரூப் லிட்டராகிவிடும். ஏனென்றால் அதன் வலு 75 டிகிரி புரூப், அதாவது "25 அண்டர் புரூப்". இது பிரிட்டிஷ்காரர்கள் சைக்ஸ் என்பவருடைய ஹைட்ரோமீட்டரை வைத்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வரி வசூலித்த கணக்கு. அதில் 100 டிகிரி என்பது 57.1 சதச் சாராயம். அதில் முக்கால் பங்கு 42.8. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களே 1980-இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நாம் இன்னும் கட்டி அழுகிறோம்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். எங்கள் விஞ்ஞான முசியே சாராயத்தின் வலுவை கே-லுஸாக் டிகிரியில் சொல்லிக்கொடுத்தார். நூறு பங்கில் எத்தனை பங்கு சாராயமோ அத்தனை டிகிரி. நாற்பது டிகிரி என்றால் நூறில் நாற்பது, பிள்ளைக்கும் புரியும். அலுவலகத்துக்கு வந்து புரூப் கணக்கைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இது குடிக்கிறவனுக்காகப் போட்ட கணக்கே கிடையாது, கஜானாவுக்காகப் போட்டது என்றுதான். இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

குடிக்கிறவனுக்கு உதவும் கணக்கு வேறு. 180 மில்லி குவார்ட்டரில் சுத்தச் சாராயம் 77 மில்லி. 650 மில்லி பீர் பாட்டில், 5 சதம் என்றால், 32 மில்லி சொச்சம். ஆக ஒரு குவார்ட்டர் இரண்டு பெரிய பீரைவிட அதிகம். இதை "கட்டிங்" போட்டு இரண்டு பேர் பகிர்ந்து, ஒரே மடக்கில் ராவாக இறக்கிவிட்டு, பின்னாலேயே தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சி, ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டுப் போகிறவனை நீங்கள் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி எந்தச் சாயந்திரமும் பார்க்கலாம். அவனுக்கு ருசி தெரியாது என்று சொல்வது சுலபம். நான் சொல்கிறேன், அந்தச் சரக்கை ருசித்துக் குடிக்க முடியாது, அதனால்தான் விழுங்குகிறான். நாக்கில் நிற்காத பொருளை வேகமாக உள்ளே தள்ளுவது மனித சுபாவம். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறை நாம், நமக்குத் தெரியாதா?

மேல்தட்டுக் கும்பல் ஒன்று இருக்கிறது, அவர்களையும் விடுவதாக இல்லை. பாரிஸில் இருக்கும் என் தம்பி மகன் ஒருமுறை கிளென்ஃபார்க்ளஸ் 105 என்ற பாட்டிலைக் கொண்டுவந்தான். அந்த 105 என்பதும் நம் பழைய புரூப் கணக்குதான், சதத்தில் 60. அதில் நான் தண்ணீர் ஊற்றப் போனபோது பதறிவிட்டான். "பெரியப்பா, இதுல தண்ணி ஊத்துறது பாவம்" என்றான். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் கலவை செய்யும் நிபுணர்கள் மாதிரிகளை மோந்து பார்க்கும்போது தண்ணீர் விட்டு ஏறக்குறைய 20 சதத்துக்கு இறக்கித்தான் மோந்து பார்க்கிறார்கள். 60 சதத்தில் சாராயத்தின் காரம் மூக்கை அடைத்துவிடும், மற்ற வாசனைகள் தெரியாது. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் கணினியில் மூலக்கூறுகளை ஓட்டிப் பார்த்தார்கள். விஸ்கியின் புகைவாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், சாராயம் 45 சதம் வரை இருக்கும்போது மேற்பரப்பில் மிதக்கிறது. 59 சதத்துக்கு மேல் போனால் உள்ளே அமுங்கிவிடுகிறது. தண்ணீர் விட்டால் மணம் மேலே வரும் என்று கிழவர்கள் சொன்னதற்கு இது சாட்சி.

காரைக்காலில் எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் இருந்தார். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பஸ்தீஸ் என்ற சோம்பு மணக்கும் மதுவில் தண்ணீர் விடுவார், அது பால் போல வெளுத்துவிடும். பையன்கள் நாங்கள் வேடிக்கை பார்ப்போம். பலமான சாராயத்தில் கரைந்திருக்கும் எண்ணெய், தண்ணீர் சேர்ந்ததும் கரைந்து நிற்க முடியாமல் பிரிந்து வருவதால் அப்படி ஆகிறது. விஸ்கியிலும் கொஞ்சம் இதே சங்கதி உண்டு. 46 சதத்துக்குக் கீழே இறக்கிக் குளிரவைத்தால் லேசாகக் கலங்கும். கலங்கலைக் கண்டு வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்பதற்காகப் பல கம்பெனிகள் குளிரவைத்து வடிகட்டிவிடுகிறார்கள். அந்த வடிகட்டியில் எண்ணெயோடு கொஞ்சம் ருசியும் போகிறது என்பது என் நாக்கின் தீர்ப்பு. 46 சதம் என்று போட்ட பாட்டில்களுக்கு ஒரு மரியாதை இருப்பது இதனால்தான்.

"ரூம் டெம்பரேச்சரில்தான் குடிக்க வேண்டும்" என்று இன்னொரு சட்டம் பேசுவார்கள். எந்த ரூம்? ஸ்காட்லாந்தில் ரூம் என்றால் பதினெட்டு டிகிரி. நம் ஊரில் சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரைத் தொட்டால் கை சுடும். அந்த ரூமில் வைத்த விஸ்கியில் சாராயம்தான் முதலில் மூக்கில் ஏறும். ஒரு துண்டு ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். வாய் குறுகிய சின்னக் கிளாஸ், 30 மில்லி, 60 சதச் சரக்காக இருந்தால் அதில் 15 மில்லி தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 40-க்கு வரும். மிக்சரையும் மிளகாய் பஜ்ஜியையும் தள்ளி வையுங்கள். ஒரு மணி நேரம் ஓடும். இந்த ஒரு மணி நேரத்தில் அடுத்த ஊற்றல் தேவைப்படாது என்பதுதான் இதில் உள்ள லாபம்.

இனி பீப்பாய்க்கு வருகிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது. காய்ச்சி இறக்கிய சாராயம் தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். ஸ்காட்ச் என்று பெயர் வைக்க வேண்டுமானால் அதை ஓக் மரப்பீப்பாயில், 700 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது மூன்று வருஷம் வைக்க வேண்டும். 40 சதத்துக்குக் குறையாமல் பாட்டிலில் அடைக்க வேண்டும். தண்ணீரும் வெறும் கேரமல் நிறமும் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. அமெரிக்காவில் பர்பன் விஸ்கியைக் கரியாக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும் என்று சட்டம். ஆகவே ஒருமுறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய்கள் மலை மலையாகச் சேர்கின்றன, ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் ஊறியது வெனிலா, தேங்காய், தேன் என்ற திசையில் போகும். ஸ்பெயின் நாட்டு ஷெரி ஒயின் இருந்த 500 லிட்டர் பெரிய பீப்பாயில் ஊறியது உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், பட்டை என்ற திசையில் போகும். என் நாக்குக்கு ஷெரி பீப்பாய்தான் பிடிக்கும். பேரீச்சம்பழமும் வெல்லமும் தின்று வளர்ந்த நாக்கு வேறு எங்கே போகும்? பீட் புகை பிடித்த பார்லிச் சரக்கோ டிஞ்சர் அயோடின் வாசனை, ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. பிடித்தவர்கள் குடிக்கட்டும்.

பீப்பாய்க்குள் வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 2 சதம், அதை தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் பத்து சதத்துக்கும் மேல் போகிறது. அந்த வெயிலிலும் அம்ருத் கம்பெனி சிங்கிள் மால்ட் செய்து 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே கொண்டுபோய் விற்பனையைத் தொடங்கியது. நம் நாட்டு பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகை பிடித்த பார்லியையும் சேர்த்து அவர்கள் செய்த ஃப்யூஷன், ஜிம் மர்ரே என்ற விமர்சகரின் 2010 கையேட்டில் உலகத்தில் மூன்றாவது இடம் பெற்றது. வெயில் ஊரில் மரம் வேகமாக வேலை செய்கிறது, குறைந்த வருஷத்திலேயே முதிர்ந்துவிடுகிறது. ஆகவே "நம் நாட்டில் முடியாது" என்ற சாக்கு எடுபடாது. முடியும். விலை அதிகமாகும், அவ்வளவுதான். விலை குறைந்ததைச் செய்யட்டும், அதற்கு உரிய பெயரை வைக்கட்டும்.

நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் வருஷத்து மதுபான விதிகளில் விஸ்கி என்ற பெயருக்குள் நியூட்ரல் ஸ்பிரிட்டும் நுழைந்துகொள்ள இடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மொலாசஸ் சாராயத்துக்கு விஸ்கி என்று பெயர் வைத்து விற்கவே முடியாது. தானியமாக இருக்க வேண்டும், மூன்று வருஷம் மரத்தில் இருக்க வேண்டும். செந்தண்ணீர்புரத்தில் மொலாசஸ் சாராய ஆலை இருப்பது பழைய திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மொலாசஸ் சாராயம் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ரம் அதிலிருந்துதான் வருகிறது, ரம் என்ற பெயரோடு கௌரவமாகவே வருகிறது.

"விஸ்கி என்றால் என்ன?" என்ற கேள்வியை ஒரு நகராட்சி கேட்ட கதை உண்டு. 1905-இல் லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, உணவுக் கலப்படச் சட்டத்தின் கீழ் சாராயக் கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது. வேறு வகைச் சாராயத்தை விஸ்கி என்று சொல்லி விற்றார்கள் என்று குற்றச்சாட்டு. மாஜிஸ்திரேட் தண்டித்தார். அப்பீலில் இழுபறி. கடைசியில் ராயல் கமிஷனே உட்கார்ந்து 1909-இல் அறிக்கை கொடுத்தது. தீர்ப்பு பெரிய வியாபாரிகள் பக்கம்தான் சாய்ந்தது, அது வேறு விஷயம். ஆனால் தெருமுனைக் கடையில் குடிக்கும் கூலிக்காரனுக்காக ஒரு நகராட்சி கலப்படச் சட்டத்தைக் கையில் எடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் வழக்கு வந்தது. எதற்கு? "பீட்டர் ஸ்காட்" என்ற இந்திய விஸ்கியின் பெயரைக் கேட்டு ஸ்காட்ச் என்று ஜனங்கள் ஏமாந்துவிடுவார்கள் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தார் தொடுத்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. முக்கியமான காரணம், பல வருஷம் தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்பது. இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. ஸ்காட்ச் வாங்குகிறவர்கள் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், ஏமாற மாட்டார்கள்; படிக்காத ஏழைகள் வாங்கும் பொருளுக்கு அளவுகோல் வேறு. நல்லது, நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். அந்த வேறு அளவுகோல் எங்கே? குவார்ட்டர் வாங்குகிறவர் படித்தவரா, வசதியானவரா? அவருக்காக எந்தச் சங்கத்தார் வழக்குப் போட்டார்கள்?

2022-இல் ஸ்காட்ச் வாங்குவதில் இந்தியா பிரான்ஸை முந்தி முதலிடம் பிடித்தது: 21.9 கோடி பாட்டில், பிரான்ஸ் 20.5 கோடி. 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஸ்காட்ச் மீதான 150 சதச் சுங்கவரி முதலில் 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் இறங்க வேண்டும். வசதியானவரின் பாட்டில் மலிவாகும். அதில் எல்லா விவரமும் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. ஸ்காட்ச்காரர்களையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. கேரமல் சேர்த்ததை அவர்களும் பல நாடுகளில் சொல்வதில்லை. ஜெர்மனியில் சொல்லியாக வேண்டும் என்பதால் அங்கே அச்சடிக்கிறார்கள். வயது போடாத பாட்டில்களும் பெருகிவிட்டன. நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்கிறவர் யாராவது இருந்தால் நம்பாதீர்கள்.

பெயரின் மதிப்பு திருச்சிக்காரனுக்குப் புதிது இல்லை. உறையூர்ப் பக்கத்தில் சுற்றிய சுருட்டு "டிரிச்சினாப்பொலி" என்ற பெயரிலேயே லண்டன் வரை போயிற்று; 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிகிறார். அந்தப் பெயரை யார் காப்பாற்றினார்கள்?

இதற்கெல்லாம் வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது. "குடிக்கிறவனுக்கு ருசி எதற்கு சார், போதைதானே வேணும்." படித்தவர்களே சொல்கிறார்கள், நடைப்பயிற்சியில் கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள். ரேஷன் அரிசியில் நாற்றம் வந்தபோது "ஏழைக்கு மணம் எதற்கு" என்று நாம் சொன்னோமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனாலை மூக்கும் நாக்கும் பிரித்து அறிய முடியாது. பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு எழுத்துகூட அதன்மேல் இல்லை. உள்ளே என்ன என்று கேட்காமல் விழுங்கும் பழக்கத்தை அரசாங்கக் கடையே முப்பது நாளும் சொல்லிக்கொடுக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

இதைச் சரிசெய்ய டில்லிக்குப் போக வேண்டியதில்லை, புதுச் சட்டம் தேவையில்லை. 2003 நவம்பரிலிருந்து இந்த மாநிலத்தில் சில்லறைக் கடை முழுவதும் டாஸ்மாக் கையில். ஒரே கடைக்காரர், ஒரே கொள்முதல்காரர். கொள்முதல் நிபந்தனைகளில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், ஒரு மத்தியானத்தில் டைப் அடித்து முடிக்கும் வேலை. பாட்டிலின் முன்பக்கம், தமிழில், "விஸ்கி" என்ற எழுத்து எத்தனை பெரிதோ அத்தனை பெரிதாக. உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்:

மொலாசஸ் சாராயம் 92 சதம். பார்லி மால்ட் 8 சதம். மரப்பீப்பாயில் வைக்கப்படவில்லை. நிறம்: கேரமல். இந்த 180 மில்லியில் சுத்தச் சாராயம் 77 மில்லி. சம அளவு தண்ணீர் சேர்த்துக் குடிக்கவும்.